கன்று போட்டதிலிருந்து எங்கள் பசு என்னையே முட்ட வருகிறது. சாதுவான மாடு இப்படி ஆவது ஏன்? விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். இரண்டு வாரம் பொறுங்கள்.

தலையீத்து (முதல் பிரசவம்) என்றும், கன்றைத் தூக்கி வேறு பக்கம் கட்டப் போனபோதுதான் முதலில் முட்டியது என்றும் விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மாட்டுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. கன்றுக்கும் தனக்கும் நடுவில் நீங்கள் வந்ததுதான் அதற்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் காங்கேயம் பக்கம். எங்கள் ஊரில் மாடு கட்டுத்தரையில் ஈன்றாலும் ஈனும், கொரங்காட்டில் மேயும்போதே ஈன்றுவிட்டும் வரும். கொரங்காடு தெரியாதவர்களுக்காக: கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விட்டிருக்கும் மேய்ச்சல் நிலம். ஈனப்போகும் மாடு காலையிலிருந்தே மற்ற மாடுகளை விட்டு ஒதுங்கும். சாயங்காலம் பட்டிக்குத் திரும்பவில்லை என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். தேடிப் போனால் மாடு சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும், வயிறு இறங்கியிருக்கும், கன்றைக் காணோம். ஏதாவது ஒரு புதருக்குள் காதை மடக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் படுத்திருக்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம்தான், ஆறு மாதம் போலத்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். எங்கள் செம்மண்ணில் அது படுத்திருந்தால் பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தட்டாது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை தாய் அந்தப் பக்கம் போகவே போகாது, வேண்டுமென்றே எதிர்த்திசையில் மேயும். என் அப்பாரு படலுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். ஆள் இல்லை என்று நம்பிய பிறகு மாடு நேராகக் கன்றிடம் போகும். அப்படித்தான் இடம் தெரியும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாடு கன்றை ஒளித்து வைக்கும் இனம். ஆட்டுக்குட்டி பிறந்த கொஞ்ச நேரத்தில் தாயின் பின்னாலேயே சுற்றும். கன்று முதல் சில நாள் ஒளிந்துதான் கிடக்கும். காட்டில் புலியும் ஓநாயும் இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கட்டுத்தரையில் ஒளிக்கப் புதரும் இல்லை, கழுத்தில் கயிறு வேறு. ஒளிக்க முடியாத மாட்டுக்கு மிச்சம் இருப்பது கொம்பு ஒன்றுதான்.

உடம்புக்குள்ளும் நிறைய நடக்கிறது. கன்று பிறப்புப் பாதையை விரித்துக்கொண்டு வரும்போது ஏற்படும் அழுத்தத்தில் மூளையில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. மடியில் பாலை இறக்குவதும் இதே சுரப்புதான். ஈன்றதும் கன்றின் மேல் ஒட்டியிருக்கும் பனிக்குட நீரை மாடு விடாமல் நக்குகிறது பாருங்கள், அந்த நேரத்தில்தான் கன்றின் வாசனை அதற்குள் பதிகிறது. பிறந்தவுடன் ஐந்து நிமிடம் கூட இருந்தாலே அந்தப் பிணைப்பு உருவாகிவிடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நக்கிக்கொண்டே வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் 'ம்ம்' என்று ஒரு குரல் கொடுக்கும். கன்றைப் பிரித்துக் கட்டினால் வருகிற குரல் வேறு: வாயைத் திறந்து, உச்சத்தில், தெருவே கேட்கும்படி. ஒவ்வொரு மாட்டின் குரலும் தனித்தனி. தன் தாயின் குரலைக் கன்று தெரிந்துகொள்ளும்.

தலையீத்துக் கிடாரிக்கு இது எல்லாமே புதுசு. சிலது கன்றைப் பார்த்து மிரண்டு உதைக்கும், கிட்டவே சேர்க்காது. அதற்குத்தான் கன்றின் மேல் கொஞ்சம் தவிடோ உப்போ தூவிவிடுவது. ருசிக்கு நக்க ஆரம்பித்து, அப்படியே சேர்த்துக்கொள்ளும். உங்கள் மாடு அந்த ரகம் இல்லை, நேர் எதிர். எனக்குக் கேட்டால் அதுவே நல்லது. கன்றைச் சேர்க்காத மாட்டை வைத்துக்கொண்டு படுகிற பாட்டுக்கு முட்ட வரும் மாடு எவ்வளவோ தேவலை.

"எங்கள் ஜெர்சி இப்படியெல்லாம் செய்வதில்லையே" என்று கீழே ஒருவர் நிச்சயம் வருவார். கலப்பின மாடு பல தலைமுறையாகப் பாலுக்கும் சாதுத்தனத்துக்கும் பார்த்துப் பார்த்துப் பெருக்கப்பட்டது. போதாததற்குப் பல இடங்களில் கன்றைப் பிறந்த அன்றே பிரித்துவிடுகிறார்கள். பிரிக்காமல் விட்டுப் பாருங்கள், அதுவும் சீறும்.

சரி, என்ன செய்வது? முதல் சில நாள் ஒரே ஆள் போகட்டும், தீவனம் வைத்துத் தண்ணீர் காட்டுகிற ஆளாக இருந்தால் நல்லது. கட்டுத்தரைக்குள் நுழையுமுன் குரல் கொடுங்கள். மாட்டுக்கு ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும், நேர் பின்பக்கம் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று முளைத்தால் நீங்கள் யார் என்றே அது பார்க்காது. கன்றைத் தொட வேண்டிய வேலை இருந்தால், தொப்புளில் அயோடின் வைப்பது மாதிரி, தாயை முதலில் குட்டையாகக் கட்டிவிட்டு, அது பார்க்கும்படியே கன்றை அதன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். கன்றைத் தரதரவென்று இழுத்துக் கத்த விடாதீர்கள். கத்தினால் தாய் மட்டுமல்ல, பக்கத்துத் தும்பில் கட்டியிருக்கும் மாடும் எகிறும். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும், மாடு முட்டுகிறது என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. கறக்கும்போது கன்றை ஊட்ட விட்டு, பால் இறங்கியதும் தாயின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டால் அது கன்றை நக்கிக்கொண்டே நிற்கும், உங்கள் பக்கம் திரும்பாது.

முட்டப் போகிற மாடு சொல்லிவிட்டுத்தான் முட்டும். தலையைத் தாழ்த்தும், உடம்பை முழுசாகப் பக்கவாட்டில் காட்டி நிற்கும், முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், மூக்கால் சீறும். காங்கேயத்தின் கொம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிலையில் அதட்டுவது, குச்சியை ஓங்குவது எல்லாம் வேலைக்கு ஆகாது. முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்னால் நகர்ந்து வந்துவிடுங்கள். முதுகைக் காட்டி ஓட வேண்டாம்.

முக்கியமாக, நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டு நாய், மாட்டோடு வளர்ந்த நாய் என்றெல்லாம் இந்த நாட்களில் கணக்கில்லை. 2014 இல் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் நாயோடு நடந்துபோன ஒரு ஜெர்மன் பெண்மணியைக் கன்றுகளோடு மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தாக்கிக் கொன்றுவிட்டன. நாயின் கயிற்றை இடுப்போடு மாட்டியிருந்தார். மாடுகளின் குறி நாய்தான், ஆனால் நாயை விட்டுவிட வழியில்லை. 2019 இல் விவசாயி பெரிய தொகை இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதிப் பொறுப்பு என்று ஆனது. அங்கே பெரிய விவாதமே நடந்தது. நம் ஊரில் இது வழக்குக்கு எல்லாம் போகாது, விலா எலும்போடு போய்விடும்.

எல்லா ஆவேசமும் கன்றுப் பாசம் இல்லை, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கன்று பக்கத்திலேயே நிற்கும்போதும் சுவரையும் தொட்டியையும் முட்டுகிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, குரல் கரகரவென்று மாறிவிட்டது, தண்ணீர் விழுங்க முடியவில்லை என்றால் வெறிநோயாக இருக்கலாம். வாய்க்குள் கை விட்டுப் பார்க்காதீர்கள், அந்தப் பாலையும் தொடாதீர்கள், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஈன்ற பிறகு இளங்கொடி (நஞ்சுக்கொடி) 12 மணி நேரத்துக்கு மேல் விழாமல் இருந்தாலும் மருத்துவர் வர வேண்டும். வலியில் இருக்கும் மாடும் கிட்ட விடாது. தமிழ்நாட்டில் 1962 க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

இதெல்லாம் எதுவும் இல்லை, கன்றுக்குக் கிட்டே போனால் மட்டும்தான் சீறுகிறது என்றால் கவலை வேண்டாம். கன்று எழுந்து தாய்க்குப் பின்னால் துள்ள ஆரம்பித்ததும் மாடு தானாகத் தணியும். அடுத்த ஈத்தில் முதல் நாளிலிருந்தே நீங்கள் பழகிய ஆளாக இருப்பதால் இதில் பாதிகூட இருக்காது. மூன்றாவது மாதத்திலும் கறக்கவிடாமல் முட்டினால், அப்போது கண்ணபுரம் மாட்டுச் சந்தையைப் பற்றிப் பேசலாம்.