தர்பூசணியும் ஃபெட்டாவும்: தண்ணீர் விடாத சாலட்

வணக்கம்.

போன ஞாயிறு மதியம் வீட்டுக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தர்பூசணி, அன்னாசி, வெள்ளரிக்காய், பனீர் எல்லாம் நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கலந்து பதினோரு மணிக்கே ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒரு மணிக்கு எடுத்தால் பாத்திரத்தில் பாதி தண்ணீர். பனீர் கொழகொழத்து லேசாகக் கசந்தது. புதினா கறுத்துப் போயிருந்தது. பனீர் அன்று காலையில் வாங்கியதுதான். எங்கே தப்பு? ஃபெட்டா சீஸ் போட்டால் சரியாக வரும் என்கிறார்கள். அதன் விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டுமா? வருகிற ஞாயிறும் விருந்தாளிகள் உண்டு. அதில் இருவர் சுத்த சைவம்.

ம., கோவை

அன்புள்ள ம.,

பனீர் கெடவில்லை. அன்னாசி அதைத் தின்றுவிட்டது. சமைக்காத அன்னாசியில் புரோமலின் என்றொரு நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டாடுவதுதான் அதற்கு வேலை. பால் புரதம் உடைந்து வரும் துணுக்குகளில் சில கசக்கும். ஃபிரிட்ஜின் குளிரில் இந்த வேலை மெதுவாகும், நிற்காது. இரண்டு மணி நேரம் அதற்குத் தாராளம். கிவியும் பப்பாளியும் இதே இனம்தான். பப்பாளி காயாக இருக்க இருக்க வேகம் கூடும். அன்னாசி வேண்டும்தான் என்றால் வட்டமாக நறுக்கித் தோசைக்கல்லில் இருபுறமும் நன்றாகச் சுட்டு, ஆறவிட்டுச் சேருங்கள். சூட்டில் நொதி செத்துவிடும். டின்னில் வரும் அன்னாசியும் சூடு கண்டதுதான், அதனால் வம்பு செய்யாது. ஆனால் தர்பூசணி இருக்கிற தட்டில் அன்னாசிக்கு என்ன வேலை? விட்டுவிடுங்கள் என்பேன்.

அடுத்தது தண்ணீர். தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு தண்ணீர், வெள்ளரியில் தொண்ணூற்றைந்து. அதன்மேல் உப்பைப் போட்டு இரண்டு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும் என்று ஆவக்காய் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு வெளியே இருந்து இழுக்கும், காய் உள்ளே இருந்து விடும். எனவே நறுக்குவது முன்கூட்டியே, கலப்பது கடைசி நிமிடத்தில். உப்பு, எலுமிச்சை, சீஸ், புதினா நான்கும் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வரை பழத்தைத் தொடக்கூடாது.

எட்டுப் பேருக்கு மூன்று கிலோ எடையில் ஒரு முழுத் தர்பூசணி போதும். தோல் போக இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும். சாலட்டுக்கு 1,200 கிராம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பழமாகவே வைக்கலாம். கரும்பச்சைத் தோலோடு நீளமாக வரும் கிரண் ரகம் கிடைத்தால் நல்லது. சதை இறுக்கமாக இருப்பதால் துண்டு உடையாது. எந்த ரகமானாலும் தரையில் படுத்திருந்த பக்கம் வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். பறித்த பிறகு தர்பூசணியில் இனிப்பு ஏறாது. வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று காயை வாங்கி வராதீர்கள். வெட்டுவதற்கு முன் தோலைத் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். தோலை உரிக்கப் போகிறோமே என்று பலர் இதைச் செய்வதில்லை. தோலில் இருக்கிற அழுக்கையும் கிருமியையும் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது.

துண்டுகள் இரண்டரை செ.மீ. சதுரம். பொடியாக நறுக்கினால் வெட்டுப்பட்ட பரப்பு கூடும், அவ்வளவும் தண்ணீர் ஒழுகும் வாசல். நறுக்கியதை ஓட்டைத் தட்டில் போட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, மூடி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் விடுங்கள். அடியில் இறங்கும் சாற்றில் எலுமிச்சை பிழிந்து சமைக்கிறவர் குடித்துவிடலாம். வெள்ளரிக்காய் இரண்டு, சுமார் 300 கிராம்: நெடுக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு அரை செ.மீ. கனத்தில் நறுக்குங்கள். பிஞ்சாக இருந்தால் வழிக்கத் தேவையில்லை. பெரிய வெங்காயம் ஒன்றில் பாதியை மெல்லியதாக அரிந்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றிலும் ஒரு சிட்டிகை உப்பிலும் கால் மணி நேரம் ஊறவிட்டால் காரம் அடங்கி ரோஜா நிறமாகும்.

இனி சீஸ். தர்பூசணியும் ஃபெட்டாவும் ஒரே தட்டில் வருவது கிரேக்கக் கோடையின் சாதாரண வழக்கம். சைப்ரஸில் அதே தர்பூசணிக்கு ஹலூமி என்ற சீஸ் துணை. நாம் மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் உப்பு தொட்டுக்கொள்வதன் வேறொரு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 2002இலிருந்து கிரேக்கத்தில் தயாரானதற்கு மட்டுமே ஃபெட்டா என்ற பெயர். குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால் இருக்க வேண்டும். இரண்டு மாதமாவது முதிர வேண்டும். புளிப்பும் உதிரும் தன்மையும் அங்கிருந்து வருபவை. மாட்டுப் பாலில் செய்ததையும் இங்கே ஃபெட்டா என்று விற்பார்கள். அதில் ஆட்டுப்பால் வாசம் இருக்காது, மற்றபடி இந்தச் சாலட்டுக்குக் குறைவில்லை.

வாங்குவதானால் உப்புநீரில் மிதக்கும் கட்டியாக வாங்குங்கள். உதிர்த்து வரும் பொட்டலத்தில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள். ஈரம் பட்டதும் அது பசையாகும். உங்கள் சைவ விருந்தாளிகளுக்காக ஒன்று: ஃபெட்டாவை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட்டும் பயன்படும். உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 200 கிராம் ஃபெட்டாவில் கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி உப்பு ஏற்கெனவே இருக்கிறது. எட்டுப் பேர் சாலட்டுக்கு அதுவே போதும், தனியாக உப்புப் போட வேண்டாம். வாயில் வைத்தால் கரிக்கிறதா, கட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு எடுங்கள்.

ஃபெட்டாதான் வேண்டும் என்பதில்லை. பனீரை அப்படியே போட்டால் சப்பென்று இருப்பதற்குக் காரணம், சூடான பாலைத் திரித்த புளிப்பு முக்கால்வாசி வடித்த தண்ணீரோடு போய்விடுகிறது, உப்பும் கிடையாது. இரண்டையும் நாம் திருப்பிக் கொடுக்கலாம். சனிக்கிழமை இரவு அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் உப்பு (தலை தட்டி ஐந்து தேக்கரண்டி) போட்டுக் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறிய பின் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். 250 கிராம் பனீரை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக்கி அதில் மூழ்கவைத்துப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். தண்ணீர் சூடாக இருக்கும்போதே போட்டால் பனீர் தொளதொளத்துப் போகும். உறைந்த பனீரும் இதற்கு ஆகாது, பஞ்சாகிவிடும். காலையில் வடித்து, துணியில் ஒற்றி, பாதியைத் துண்டாகவே வைத்துக்கொண்டு மீதிப் பாதியைத் தண்ணீர் இறுத்த கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டியோடு கையால் உதிர்த்துப் பிசறிக்கொள்ளுங்கள். ஃபெட்டாவுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் குளிர்ந்த தர்பூசணியோடு சேரும்போது இதையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். டின் சீஸும் பீட்சாவுக்குத் துருவும் மொசரெல்லாவும் வேண்டாம். சூட்டில் உருகத்தான் அவை லாயக்கு, குளிரில் ரப்பர்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பியுங்கள். ஆழமான பாத்திரம் வேண்டாம், அகலத் தட்டுதான். குவித்து வைத்தால் மேல் துண்டின் கனத்தில் அடித்துண்டு பிழியப்படும். முதலில் தர்பூசணியையும் வெள்ளரியையும் பரப்புங்கள். அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். அது இல்லாவிட்டால் செக்குக் கடலை எண்ணெய் ஒன்றரை. நல்லெண்ணெய் தன் வாசத்தை மட்டும்தான் பேசவிடும். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த பழத்தில் பட்டதும் உறைந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டும். பிறகு வெங்காயத்தை அதன் சாற்றோடு, அப்புறம் சீஸ், அரைத் தேக்கரண்டி கரகரப்பாக இடித்த மிளகு. கடைசியாக இருபது இருபத்தைந்து புதினா இலைகளைக் கையால் கிள்ளிப் போடுங்கள். உங்கள் புதினா கறுத்தது, நறுக்கி நசுங்கிய ஓரங்கள் எலுமிச்சைப் புளிப்பில் இரண்டு மணி நேரம் கிடந்ததால்தான். கரண்டியால் கிளற வேண்டாம், தட்டை ஒரு முறை குலுக்கினால் போதும். மொறுமொறுப்பு வேண்டுமானால் வறுத்த பூசணி விதை ஒரு கைப்பிடி.

பழத்தை மட்டும் பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்கலாம், ரொம்பக் குளிர்ந்திருந்தால் நாக்குக்கு இனிப்புத் தெரியாது. அதற்காக மேசையிலேயே விட்டுவிடாதீர்கள். வெட்டிய பழமும் பாலில் செய்ததும் கோடை மதியத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. எட்டுப் பேருக்கும் ஒரே தடவையில் கலக்காமல் நாலு பேருக்கு ஒரு தட்டு, பிறகு இன்னொரு தட்டு என்று கொடுங்கள். கலந்தது மிஞ்சினால் மாலைக்கு வைக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும் அது என்ன ஆகும் என்று.

தர்பூசணி சரியில்லாத நாளில் பங்கனபள்ளி மாம்பழம், அதுவும் அழுத்தினால் குழையாத பதத்தில். உப்புநீர்ப் பனீர் அதற்கு ஃபெட்டாவை விடப் பொருத்தம். நாரும் சாறுமாக வருகிற மாம்பழம் எதுவும் துண்டாக நிற்காது. கறுப்புத் திராட்சையைப் பாதியாக வெட்டிச் சேர்க்கலாம். முழுசாகப் போட்டால் எண்ணெயும் மிளகும் தோலில் நிற்காமல் வழுக்கிவிடும். பெயரில் பன்னீர் இருக்கிறதே என்று கம்பம் பன்னீர் திராட்சையைப் போட்டுவிடாதீர்கள், தோல் கழன்று விதை வாயில் நிறையும்.

சுத்த சைவம் என்றீர்கள். அவர்கள் வெங்காயமும் சேர்க்காதவர்கள் என்றால் ஒரு அங்குல இளம் இஞ்சியை ஊசி ஊசியாக அரிந்து அதே எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் போடுங்கள். வெங்காயத் தட்டைத் தொட்ட கரண்டி இதற்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.