பழைய மோட்டார் வாங்கப்போறேன், என்னெல்லாம் பாக்கணும்?

கேள்வி: குளச்சல்ல ஒருத்தர் வள்ளத்துல மாட்டுற 9.9 எச்.பி மண்ணெண்ணெய் மோட்டார் விக்கிறாரு, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பழசுதான், ஆனா பெயிண்ட் புதுசா இருக்கு. நம்பி வாங்கலாமா அண்ணாச்சி? – வாசகர், முட்டம்

பதில்: தம்பி, பெயிண்ட்ட விடுங்க, உப்பு உள்ளதான் தின்னும். நீங்க போறப்பவே மோட்டார் சூடா இருந்தா, ஆறின பிறகு வாறேன்னு சொல்லிருங்க, ஏன்னா குளிர்ந்த மோட்டார் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னுதான் பாக்கணும்.

ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னால கியர்பாக்ஸோட கீழ் ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணுங்க, முதல்ல தண்ணி வந்தாலோ ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தாலோ சீல் போச்சு. அப்புறம் டிரம்ல தண்ணி ரொப்பி ஓட்டுங்க, தண்ணி இல்லாம ஒருக்காலும் ஓட்டாதீங்க, கூலிங் தண்ணிய இழுக்குற பம்புச் சக்கரம், அதான் இம்பெல்லர், உடனே கெட்டுரும். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துங்க. பின்னால கூலிங் தண்ணி நல்லா வேகமா பீச்சணும். சொட்டு சொட்டா வந்தா மெல்லிய கம்பி விட்டு ஓட்டைய குத்திப் பாருங்க, அப்பவும் வரலன்னா இம்பெல்லர் தேஞ்சிருக்கும், இல்லாட்டி உள்ள உப்பு அடைச்சிருக்கும், இதுல ரெண்டாவதுதான் பெரிய செலவு.

முக்கியமானது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம். மோட்டார் சூடா இருக்கும்போதே ரெண்டு பிளக்கையும் கழட்டி, பிளக் வயர எர்த் பண்ணி, த்ராட்டில முழுசா திறந்து வச்சு, பிளக் இருந்த ஓட்டையில அழுத்தம் பாக்குற கேஜ் மாட்டி ஸ்டார்ட் கயிற நாலஞ்சு தடவ இழுங்க. ரெண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா யோசிக்கணும். கம்மியா காட்டுற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா சிலிண்டர் மூடிக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

இதெல்லாம் சரியா இருந்தாலும் வள்ளத்துல மாட்டி கடல்ல புல் த்ராட்டில்ல ஓட்டிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க, லோடு ஏறும்போதுதான் பல கோளாறு தெரியும்.