பணிப் பதிவேட்டில் இல்லாததை எழுதுங்கள்

கேள்வி: 1981ல் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் வற்புறுத்தியதால் சுயசரிதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அத்தியாயப் பட்டியலையும் முதல் அத்தியாயத்தையும் அனுப்பியுள்ளேன். படிப்பவர்களுக்கு அர்த்தமுள்ளதாக அமைய என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பட்டியலைப் படித்தேன். இடமாறுதல், பதவி உயர்வு, கலெக்டர் கையால் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ், மறுபடியும் இடமாறுதல். இதெல்லாம் உங்கள் பணிப் பதிவேட்டில் தேதியோடு ஏற்கெனவே இருக்கிறது. அதையே திரும்ப எழுத வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் மிகப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அது இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

1980 நவம்பரில், பரம்பரையாக வந்துகொண்டிருந்த கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தது. அந்த இடத்துக்கு வந்த முதல் தலைமுறை நீங்கள். இதற்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது, ‘பொறுப்பேற்றுக்கொண்டேன்’ என்று ஒரே ஒரு வரி. யாரிடமிருந்து ஏற்றுக்கொண்டீர்கள்? நில விவரம் எழுதிய அ-பதிவேடும், சாகுபடிக் கணக்கான அடங்கலும் அப்போது யார் வீட்டில், எந்தப் பெட்டியில் இருந்தன? பழைய கர்ணம் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாரா, திண்ணையோடு நிறுத்திவிட்டாரா? கணக்கைக் கொடுக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது? அவர் சாதியும் உங்கள் சாதியும் வேறாக இருந்திருந்தால், அந்தத் தெருவில் நீங்கள் நடந்துபோனதை ஊர் எப்படிப் பார்த்தது? அதுவரை அவர் வாசலில் கைகட்டி நின்றவர்கள் உங்களிடம் எப்படிப் பேசினார்கள்? ஒரு கிராமத்தில் அதிகாரம் கை மாறிய நாள் அது. அரசாணையைத் தேடினால் கிடைத்துவிடும். அந்த வாசலில் நடந்தது உங்களைப் போன்றவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது 1940. எண்பத்தைந்தை ஒட்டிய வயது. ஊரே கொண்டாடிய மனிதர். தம் பெருமையை மட்டும் அடுக்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்த 1880ல், அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் முன்னால் உட்கார்ந்திருந்ததை எழுதுகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்டவர் அசையவில்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்கிறார். இல்லை. அப்புறம் பிரதியைக் கையில் வாங்கிப் படித்தால் புரியவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. 1887ல் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பது யாருக்கும் தெரிந்த செய்தி. ஒரு பண்டிதருக்குத் தெரியாதது வெளிப்பட்ட அந்த நாளை அவரே சொன்னதால்தான் நமக்குத் தெரியும். முடிக்காமலேயே 1942ல் காலமானார். முடியாத அந்தப் புத்தகத்தைத்தான் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு வேலையை யார் கற்றுக் கொடுத்தார்கள்? அளவுச் சங்கிலியைப் பிடிக்கச் சொல்லித் தந்த தலையாரியின் பெயராவது புத்தகத்தில் வரட்டும்.

அடுத்து, கசப்பான விஷயம். 1979ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், உங்கள் அலுவலக வாயில் யு.டி.ஆர்., நீங்கள் வேலையில் இருந்தபோதே நடந்தது. அதில் பெயர் மாறிப்போன பட்டாவோடு இன்றைக்கும் தாலுகா அலுவலகப் படியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறுகள் எப்படி நேர்ந்தன? அவசரமா, ஆள் பற்றாக்குறையா, யாராவது சொல்லி மாற்றியதா? உங்கள் பேனாவிலும் அப்படி ஒன்று நடந்ததா? சுற்றியிருந்தவர்கள் கை நீட்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? இதைத் தாண்டிக்கொண்டு போய் ‘நேர்மையாகப் பணியாற்றினேன்’ என்று எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். காந்தி, அண்ணனின் காப்பிலிருந்து தங்கம் திருடியதை எழுதினார். குற்றத்தைக் காகிதத்தில் எழுதித் தந்தையிடம் நீட்டியதையும், அவர் கண்ணீரோடு படித்துவிட்டுக் கிழித்துப் போட்டதையும் எழுதினார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதையும் காதுகொடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அடுத்தவர் குற்றத்தை எழுதுவதானால் கையில் ஆதாரம் வேண்டும், அவர் குடும்பத்தை இழுக்கவே கூடாது.

தேதி, ஆண்டு விஷயத்தில் நினைவை நம்பிவிடாதீர்கள். பழைய டைரி, கடிதம், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் முதல் அத்தியாயத்தில் வாய்க்கால் வரப்புச் சண்டையைச் சொல்லும் இடம் நன்றாக இருக்கிறது. அங்கே நீங்கள் பேசுவது கேட்கிறது. ‘எமது பணிக்காலத்தில்’ என்று தொடங்கும் பத்திகளை அடித்துவிடலாம்.

கடைசியாக, உங்கள் மனைவி. ‘உறுதுணையாக இருந்தார்’ என்று ஒரு வரியில் வருகிறார். நீங்கள் ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) வேலையாக நள்ளிரவில் வீடு திரும்பிய நாட்களில் வீட்டை நடத்தியவர், ஒவ்வொரு இடமாறுதலுக்கும் சாமான் கட்டிப் பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்தவர் அவர்தானே? எழுதி முடித்த பக்கங்களை முதலில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ‘இது இப்படி நடக்கலையே’ என்று அவர் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவர் சொன்னதையும் அவர் வார்த்தையிலேயே சேர்த்துவிடுங்கள்.