திண்ணையோடு திரும்புகிறவர்கள்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் சிறிய அறிவியல் கூடம் நடத்துகிறோம். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். இலவசம் என்று போர்டு வைத்தும் டைல்ஸ் பட்டறை ஆட்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் திண்ணையோடு திரும்பிவிடுகிறார்கள். எளிய தமிழில் எழுதி வைத்தால் போதுமா?

பதில்: போதாது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் 2001 முதல் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனாலும் அந்த நகரத்தில் வருமானம் குறைந்த சிறுபான்மை இன மக்களிடையே ஆய்வு செய்த எமிலி டாசன், இதுபோன்ற இடங்கள் தங்களுக்கானவை அல்ல என்றே அவர்கள் நினைப்பதைக் கண்டார். காசு ஒரு பகுதிதான். உள்ளே யாருடைய அறிவு இருக்கிறது என்பதையும் ஆட்கள் பார்க்கிறார்கள்.

ஆத்தங்குடி டைல்ஸிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டுச் சமப்படுத்தி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. காய வேண்டியதை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், படித்தவர்களே விழிப்பார்கள். ஊறாத கல்லுக்குப் பலம் இருக்காது என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்பதை அந்த இடத்தில் நீங்கள் சேர்த்தால் போதும். மேல்பக்க வழவழப்பு கண்ணாடியிலிருந்து வந்தது, அடிப்பக்கம் சொரசொரப்பு. பார்வையற்றவர் இரண்டையும் தடவிப் பார்க்கட்டும். 'தொடாதீர்கள்' பலகையை முதலில் கழற்றுங்கள்.

விளக்குகிறவர் பட்டறைக்காரராகவே இருக்கட்டும். அப்புறம், வேலையை விட்டு வருகிறவருக்குச் சால்வை போர்த்தி அனுப்பாதீர்கள், கூலி கொடுங்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரம் ஒருநாளாவது மாலையில் திறந்து வையுங்கள்.

படிக்கட்டுதான் பெரிய சிக்கல். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 கணக்கில் இருக்க வேண்டும். மூன்றடி உயரத் தளம் என்றால் 36 அடி நீளம். முகப்பில் அதற்கு இடம் இருக்காது. பின்தெருப் பக்கம் இருந்தால் அங்கே போடுங்கள். ஆனால் எல்லோரையும் அந்த வழியிலேயே வரவழையுங்கள், கலெக்டர் வந்தாலும் சரி. முன்வாசல் சிலருக்கு, பின்வாசல் சிலருக்கு என்பது இந்த ஊருக்கு ஏற்கெனவே பழக்கமான விஷயம்.

எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அச்சடிக்கும் முன் பட்டறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே குறுக்கிட்டுக் கேட்கிறார்களோ, அந்த வரியை மாற்றுங்கள்.