நஞ்சைப் பற்றிப் பேசும் குழு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் சித்தி மகனுக்கு 22 வயது. படிப்பு முடித்து ஒரு வருடமாக வீட்டில்தான் இருக்கிறான். சென்ற வாரம் அவன் மடிக்கணினியில் ஒரு குழு உரையாடல் கண்ணில் பட்டது. சாக நினைப்பவர்கள் எந்த நஞ்சு, எங்கே கிடைக்கும், வலிக்குமா என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். இவனும் ஒரு பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறான். நான் போய்க் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கைபேசியை வாங்கி வைத்துவிடலாமா? சித்தியிடம் சொல்வதா? அந்தப் பொருளைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருந்த பொருளின் பெயரைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தப் பக்கம் வழிகாட்டியாகிவிடக் கூடாது. நீங்களும் ஸ்கிரீன்ஷாட்டை உறவினர்களுக்கு அனுப்பாதீர்கள். பெயரை ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும், மருத்துவருக்குத் தேவைப்படலாம். அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

அவனிடம் இன்றே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. இதைப் பற்றிய ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோதும் அப்படித்தான் தெரிந்தது. கேட்கும் விதம்தான் முக்கியம். ‘தப்பா ஒண்ணும் நினைக்கலையே?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலையும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். ‘சாகணும்னு தோணுதாடா?’ என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் பதறாமல் அடுத்ததையும் கேளுங்கள்: எப்போதென்று யோசித்திருக்கிறாயா, அந்தப் பொருள் உன்னிடம் இருக்கிறதா, ஆர்டர் போட்டிருக்கிறாயா? பிறகு அவன் பேசட்டும். ‘அம்மாவை நினைச்சுப் பார்த்தியா’ என்ற வசனம் மட்டும் வேண்டாம். அம்மாவுக்குத் தான் பாரம் என்று ஏற்கெனவே நம்புகிறவனிடம் அது நேர்மாறாக வேலை செய்யும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். சித்திக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சொல்லப்போவதை அவனிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பொருள் கையில் இருக்கிறது என்றாலோ, நாள் குறித்திருக்கிறான் என்றாலோ அவனைத் தனியாக விடக்கூடாது. அன்றே மருத்துவமனை. பார்சல் வரவேண்டியிருந்தால் அதை வேறொருவர் வாங்க வேண்டும்.

வீட்டிலுள்ள மாத்திரைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பழையவற்றை மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ ஒப்படைக்கலாம். அன்றாடம் தேவைப்படுபவை ஒரு வாரத்துக்கு மட்டும், அதுவும் இன்னொருவர் பொறுப்பில். பூச்சிக்கொல்லி, காரமான கழுவு திரவங்கள் எல்லாம் வீட்டைவிட்டே போகட்டும். பூட்டி வைத்தால் போதாதா என்றால், போதாது. இலங்கைக் கிராமங்களில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பாதிக்குப் பூட்டுள்ள பெட்டிகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை. அதே நாட்டில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபோது பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. ‘இது இல்லையென்றால் வேறொன்று’ என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்த உச்சத் தவிப்பு ஏறி இறங்கக்கூடியது. இறங்கும்வரை கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

கைபேசியைப் பிடுங்காதீர்கள். அந்தக் குழுவில் அவனுக்குக் கிடைப்பது நஞ்சைப் பற்றிய தகவல் மட்டுமல்ல. திட்டாமல், அறிவுரை சொல்லாமல் கேட்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் அது கிடைக்காதவரை வேறொரு கணக்கில் திரும்பப் போவான். ஆனால் அந்த ஆட்கள் தருவது ஒருபக்கத் துணை. தயங்குகிறவனை உறுதிப்படுத்துவார்கள், பின்வாங்குகிறவனைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ‘வலியில்லாதது, நிச்சயமானது’ என்று அங்கே அடித்துச் சொல்கிறவர் எவரும் அதைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். பார்த்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்கள்: நினைவோடு தவிப்பவர்கள், காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுபவர்கள், ஈரலோ சிறுநீரகமோ உணவுக்குழாயோ கெட்டு வாழ்பவர்கள். அங்கே போய் வாதாடாமல் தளத்துக்குப் புகார் மட்டும் அனுப்புங்கள்.

ஏதாவது விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸ். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம், அரிக்கும் பொருளாக இருந்தால் மேலே வரும்போது இன்னொருமுறை புண்ணாக்கும். மயங்கியிருந்து மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். புட்டி, உறை, நீங்கள் குறித்து வைத்த தாள், விழுங்கிய நேரம் எல்லாம் மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். மானத்துக்குப் பயந்து ‘ஏதோ சாப்பாடு ஒத்துக்கவில்லை’ என்று சொன்னால் நஞ்சை முறிக்கும் மருந்து தாமதமாகும். ‘இப்போ நல்லாத்தானே இருக்கான்’ என்றும் காத்திருக்கக் கூடாது. சில நஞ்சுகள் முதலில் அமைதி காட்டிவிட்டுத்தான் உறுப்புகளைத் தாக்கும்.

மனநல மருத்துவரிடம் போகும்போது பாதுகாப்புத் திட்டம் எழுத அவனுக்கு உதவும்படி கேளுங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது, யாரை முதலில் அழைப்பது, எதை வீட்டிலிருந்து அகற்றுவது என்று அவனே தன் சொற்களில் ஒரு பக்கத்தில் எழுதுவது அது. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. எல்லோரும் நிம்மதியாகித் தளர்வதும் அப்போதுதான்.

உதவி எண்கள்: இந்தியா 14416, இலங்கை 1926, சிங்கப்பூர் 1767, பிரிட்டன் 116 123, அமெரிக்கா, கனடா 988. அவன்தான் பேச வேண்டும் என்றில்லை. அவனிடம் எப்படித் தொடங்குவது என்று கேட்க நீங்களே முதலில் அழைக்கலாம்.