ரேங்க்கைப் பார்த்து பிஎச்.டி. சேர்க்கலாமா?

ஐயா, வணக்கம்.

போன வாரம் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து, உங்கள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்த பெண். நீங்கள் நீட்டிய தாளில் கல்லூரிப் பெயர்களும் பக்கத்தில் என்.ஐ.ஆர்.எஃப். என்ற அரசுத் தரவரிசையின் ரேங்க்கும் வரிசையாக எழுதியிருந்தன. "இதுல மேல இருக்கற இடத்துல சேர்த்துட்டா போதும்தானே சார்?" என்று கேட்டீர்கள். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ரேங்க் பொய் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு நூறு மதிப்பெண் என்றால், அதில் ஆராய்ச்சிக்கு 30. கற்பித்தலும் வசதிகளும் 30, படித்து முடித்தவர்களின் நிலை 20, எல்லாத் தரப்பினருக்கும் இடம் கிடைக்கிறதா என்பதற்கு 10, வெளியில் உள்ள பெயருக்கு 10. அதாவது நீங்கள் பார்த்த எண்ணில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு ஆராய்ச்சியைப் பற்றியதே இல்லை.

சரி, அந்த 30 எப்படி வருகிறது? ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் எத்தனை கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், காப்புரிமை எத்தனை, வெளியிலிருந்து வந்த ஆய்வு நிதி எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். எல்லாமே எண்ணிவிடக்கூடியவை. கட்டுரையை உட்கார்ந்து வாசித்து மதிப்பெண் போடுவதில்லை. எண்ணுவதற்கு மதிப்பு என்றால் எண்ணிக்கையைக் கூட்டத்தான் ஆள் ஓடும். சில வருடம் முன்பு என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு மாணவரை, அவருடைய கைடு, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர், பணம் கட்டி ஒரு போலி ஆய்விதழில் கட்டுரை போட வைத்தார். வேலைக்கு நேர்காணல் போன இடத்தில் அந்தக் கட்டுரையைக் காட்டவே அந்தப் பையன் கூசினான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவனை அந்த இடத்துக்கு அனுப்பும்போது நானும் ரேங்க்கைத்தான் பார்த்தேன்.

வேறு மாதிரி செய்கிற நாடும் உண்டு. பிரிட்டனில் 1986 முதலே பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியை அரசு சோதிக்கிறது. 2021 இல் நடந்த மதிப்பீட்டில் துறை துறையாக 34 நிபுணர் குழுக்கள் அமர்ந்து, கட்டுரைகளையும் நூல்களையும் வாசித்து நட்சத்திரம் கொடுத்தன. அதற்கு 60 சதவீதம். ஆராய்ச்சியால் வெளியுலகில் என்ன மாறியது என்பதற்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15. அதை வைத்துத்தான் அரசு நிதி பிரிகிறது. செலவும் வேலையும் அதிகம் என்று அங்கேயே புகார் இருக்கிறது. ஆனாலும் அந்த 25 சதவீதக் கேள்வி எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பூசியை டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடங்களில், சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூர்ப் பணி சி.எம்.சி.யில் நடந்தது. முடிவுகள் 2014 இல் வந்தன. 2016 இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து சேர்ந்தது. அங்கே இந்த வைரஸை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ககன்தீப் காங், 2019 இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானிகள் அமைப்புக்குத் தேர்வானார். இந்தியாவில் பணிபுரியும் பெண் விஞ்ஞானிகளில் அவர்தான் முதல். இந்த வேலையைக் கட்டுரை எண்ணிக்கையாகப் பார்த்தால் கையளவுதான் தெரியும். நம் தெருக் குழந்தைக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது அந்தக் கணக்கில் வராது.

இப்போது உங்கள் பெண்ணுக்கு வருகிறேன். பிஎச்.டி. என்பது குறைந்தது மூன்று வருடம், ஆறு வரைகூடப் போகும். அவ்வளவு காலமும் அவள் வாழப்போவது பல்கலைக்கழகத்தோடு இல்லை. ஒரு கைடோடும் ஒரு ஆய்வகத்தோடும். ரேங்க் அதைச் சொல்லாது. இரண்டு பேரின் பெயரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். சோத்கங்கா என்ற இலவச இணையதளத்தில் அவர்களிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைத் தேடிப் படிக்கட்டும். சேர்ந்த வருடம், முடித்த வருடம் எது, முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று அங்கே இப்போது படிப்பவர்களிடம் கேட்கட்டும். பேராசிரியர் என்றால் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 மாணவர்கள் வரைதான் வைத்துக்கொள்ள முடியும். இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடலாம். அந்த கைடு மாணவர்களைக் கைக்காசு கொடுத்துக் கட்டுரை போடச் சொல்பவரா என்பதையும் அந்த மாணவர்களே சொல்லிவிடுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதியில் கட்டுரை வெளியீடு கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம்.

அப்புறம் பணம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைத் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. நீங்கள் கடன் வாங்க வேண்டியதே இல்லை. அதற்கான படிப்பை இந்த மாதமே தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு. வரும்போது ரேங்க் தாள் வேண்டாம். அவள் படித்த இரண்டு ஆய்வேடுகளில் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும்.