இரண்டரை லட்சம் கட்டும் முன்னால்

தம்பி, கேள்வி பார்த்தேன். மார்த்தாண்டம் பக்கம் ஊர், ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தாயிற்று, வளைகுடாக் கடலில் ரிக்கில், அதாவது எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில், வேலை என்று ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறான். சம்பளம், சாப்பாடு, ஆபத்து எல்லாம் எப்படி என்கிறீர்கள். சாப்பாடு நன்றாகவே இருக்கும். சம்பளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒப்பந்தத்தில் பாருங்கள். நான் பேச வேண்டியது அந்த இரண்டரை லட்சத்தைப் பற்றித்தான்.

நான் களியக்காவிளைக்காரன். 1999இல் அப்பா ரப்பர் நின்ற பதினைந்து சென்டை ஒற்றி வைத்துப் பணம் கட்டினார். ரிக் என்றுதான் சொன்னார்கள். ஷார்ஜாவில் இறங்கினால் கப்பல் பட்டறையில் துரு சுரண்டுகிற வேலை, ஒரு அறையில் பன்னிரண்டு பேர். மலையாளி என்னைப் பாண்டி என்பான், மதுரைக்காரன் மலையாளி என்பான். பதினான்கு மாதமும் வீட்டுக்குப் போன் செய்யும்போது "கடல்ல நல்ல காத்து" என்று புளுகினேன்.

இன்று பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவன் பெயர் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் என்றால் திருவனந்தபுரத்தில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். விசிட் விசாவில் வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடல் மேடை வேலைக்குக் கேட்கும் போசியட் என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சர்டிபிகேட்டை நாங்களே போட்டுத் தருகிறோம் என்பவனிடமும் அப்படியே. அது மூன்று நாள் பயிற்சி. ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் குளத்தில் கவிழ்ப்பார்கள். கவிழும் முன்பே ஒரு கையை ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். குழித்துறை ஆற்றில் நீந்தி வளர்ந்த திமிரில் நான் கையை எடுத்துவிட்டேன். தலைகீழானதும் ஜன்னல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, மூக்கெல்லாம் தண்ணீர். காசு கொடுத்து வாங்கும் காகிதம் இதைச் சொல்லித்தராது.

ஆபத்து என்றால் எல்லோரும் தீயைத்தான் நினைக்கிறார்கள். 2005 ஜூலை 27, மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல். ஒரு கப்பலின் சமையல்காரர் விரலை வெட்டிக்கொண்டார். அவரைச் சிகிச்சைக்கு மாற்றப் பெருமழைக்கால அலையில் மேடையை ஒட்டி வந்த கப்பல் எரிவாயுக் குழாயில் இடித்துத் தீப்பிடித்தது. 22 பேர் போனார்கள். அப்புறம் ஹைட்ரஜன் சல்பைடு, கிணற்றிலிருந்து வரும் விஷவாயு. முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியாகிறவன்தான் விழுவான்.

நம் ஆட்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஆரஞ்சு கவராலில் போட்டோ போடுவார்கள், துரு சுரண்டியதைப் போட மாட்டார்கள். எந்த ஏஜென்ட் கள்ளன் என்று மலையாளிப் பையன்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்வார்கள். நாம் ஏமாந்தால் வெளியே சொல்ல வெட்கம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிடைத்ததும் இருக்கிறது. பிறகு நிஜமாகவே ரிக் வேலை அமைந்தது. 28 நாள் கடல், 28 நாள் கரை. ஒற்றியை மீட்டேன், வீடு வைத்தேன். மனைவி அபுதாபியில் நர்ஸ், பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். மூத்தவள் பிறந்தபோது மட்டும் நான் கடலில் இருந்தேன்.

ரிக்குக்குப் போன முதல் நாள் படகிலிருந்து எங்களைக் கிரேன் கூடையில் மேலே தூக்கினார்கள். பெட்டிகள் நடுவில், ஆட்கள் வெளி வளையத்தில் நின்று கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி. நான் கண்ணைத் திறக்கவேயில்லை. இப்போது அந்தக் கிரேனை ஓட்டுகிறவன் நான். அலை படகை உச்சிக்குக் கொண்டுவரும் நொடிவரை பொறுத்திருந்துதான் தூக்குவேன். மேலேயிருந்து பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பையன் யார் என்று தெரிந்துவிடும்.